காம்ஷாஃப்ட் மாற்றினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு வாகனப் பக்கத்தில், பழைய சிறு கார்களின் எஞ்சினில் காம்ஷாஃப்டை மட்டும் மாற்றினால் கால் பங்கு குதிரைத்திறன் கூடும், வேலை அரை நாளில் முடிந்துவிடும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வதைவிட, தங்கள் பத்திரிகை வழியாகவே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறோம். காம் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் (ஆர்.பி.எம்.) அதிகம் ஓடப்போகிறது என்று பார்க்காமல் காம் வாங்குகிறவர், அயோத்தியாப்பட்டணம் நேர் ரோட்டில் கண்ட பிக்கப்பை ஏற்காடு அடிவாரம் தாண்டிய முதல் கொண்டை ஊசி வளைவிலேயே இழந்துவிடுவார்.

வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு எழ வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே காமின் வேலை. எழும் அளவை லிஃப்ட் என்கிறோம். திறந்திருக்கும் காலத்தை கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின்) டிகிரியில் சொன்னால் அது டியூரேஷன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் கலவை நுழையும் இன்லெட் வால்வு திறந்து, இரண்டும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருப்பது ஓவர்லேப். இந்த வால்வுகளைத் தள்ளும் இரண்டு லோப்களின் (காமிலுள்ள மேடுகளின்) உச்சிகளுக்கும் நடுவே 108 டிகிரி இடைவெளி உள்ள ஒரு காமை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் டியூரேஷன் 240 டிகிரி என்றால் ஓவர்லேப் 24 டிகிரி. பிஸ்டன் அடிமட்டம் தாண்டி 48 டிகிரியில் இன்லெட் மூடும். அதே இடைவெளியில் 270 டிகிரி காம் போட்டால் ஓவர்லேப் 54 டிகிரியாகிவிடும், இன்லெட் மூடுவது 63 டிகிரிக்குத் தள்ளிப்போகும். 6,000 சுற்றில் காற்று வேகமாக வருவதால், பிஸ்டன் மேலே கிளம்பிய பிறகும் அது உள்ளே தள்ளிக்கொண்டு நுழைகிறது. அங்கே இந்தத் தாமதம் லாபம். 2,000 சுற்றில் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை பிஸ்டனே திரும்ப மேனிஃபோல்டுக்குள் (கலவை வரும் குழாய்க்குள்) தள்ளிவிடும். அதனால் கம்ப்ரஷன் குறைகிறது. கேஜ் வைத்துப் பார்த்தாலே இது தெரியும்.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் (முறுக்கு விசையையும்) சுற்றையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும், அதை 1.36ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். 70 நியூட்டன் மீட்டர் டார்க்கை 5,500 சுற்றில் தரும் எஞ்சினுக்குச் சுமார் 55 குதிரைத்திறன். அதே 70ஐ 6,500 சுற்றில் கொடுத்தால் சுமார் 65. டார்க் கூடவே இல்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. விளம்பரத்தில் வரும் 'பத்து குதிரை கூடுதல்' பெரும்பாலும் இந்த வகைதான்.

தொழிற்சாலையே ஒரே எஞ்சினுக்கு இரண்டு காம் போட்டுக் காட்டிய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் விற்ற ஜியோ மெட்ரோ காரில் சுசுகியின் 993 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்தது. சாதாரண மாடலுக்கு 5,700 சுற்றில் 55 குதிரைத்திறன். மைலேஜுக்கென்றே 1990 முதல் 1994 வரை விற்ற எக்ஸ்.எஃப்.ஐ. மாடலுக்கு 4,700 சுற்றில் 49. எக்ஸ்.எஃப்.ஐ.யில் காமோடு பிஸ்டன் ரிங் போன்ற வேறு சிலவும் மாறியிருந்தன. அதிகபட்ச டார்க் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே, அதுவும் 3,300 சுற்றில். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் எக்ஸ்.எஃப்.ஐ. காமைக் கழற்றிவிட்டுச் சாதாரண காமைப் போடுவார்கள், மைலேஜ் வேண்டுமென்பவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். மற்ற மாறுதல்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் வித்தியாசம் 6 குதிரை, அதாவது 12 சதவீதம். அதுவும் எஞ்சினை மேல் சுற்றுக்கு மிரட்டினால்தான் கைக்கு வரும். தொழிற்சாலைக்கே கிடைக்காத கால் பங்கு, காம் மட்டும் மாற்றுகிறவருக்கு எங்கிருந்து வரும்?

இதே 993 சி.சி.யில் ஒரு பொறியும் இருக்கிறது. இணையத்தில் 'சுசுகி ஜி10 காம்' என்று தேடினால் வருவதில் பல மெட்ரோவுக்கானவை. அந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர், போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 77 மி.மீ. நம் ஊர் ஜென் காரிலும் 993 சி.சி.தான், ஆனால் நான்கு சிலிண்டர், 72க்கு 61. மெட்ரோ காமில் வால்வுக்கான லோப் ஆறு, எட்டு வால்வு ஜென்னுக்கு வேண்டியது எட்டு. சி.சி. ஒன்றுதானே என்று வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அலமாரியில்தான் வைக்க வேண்டும். உள்ளூரிலும் கவனம் தேவை. கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்பைத் தட்டும் மேடு காமிலேயே இருக்கும். அதே எஞ்சினின் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும்) மாடலின் காமில் அந்த மேடு இருக்காது. போட்டு முடித்து, பெட்ரோல் ஏறவில்லையே என்று கார்புரேட்டரைக் கழற்றி உட்காருவார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் காமின் பின்முனையிலிருந்து ஓடுகிற எஞ்சினில் அந்த முனையின் வெட்டும் பழைய காமோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டு காமையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து நீளம், ஜர்னல் (காம் உட்கார்ந்து சுழலும் பகுதி) விட்டம், லோப் வரிசை, முனை நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட அவிழ்க்க வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து கழற்றிய காம் வாங்கி வருகிறவர்கள் ஒரு மைக்ரோமீட்டரையும் எடுத்துச் செல்வது நல்லது. லோபின் உயரம், ஜர்னல், வளைவு மூன்றையும் அளக்க வேண்டும். லோப் உயரம் மேனுவல் அளவில் 0.1 மி.மீ. குறைந்தாலே தேய்ந்த காம். வி-பிளாக்கில் வைத்துச் சுற்றும்போது டயல் கேஜ் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் அது வளைந்திருக்கிறது. ஜர்னலுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இந்த வகைச் சிறு எஞ்சின்களில் வழக்கமாக 0.05 முதல் 0.09 மி.மீ. அது 0.15ஐத் தாண்டினால் ஆயில் பிரஷர் அங்கேயே வழிந்துபோகும், புது காம் போட்டும் பயனில்லை.

பழைய காமையே கிரைண்ட் செய்து 'ஸ்போர்ட்ஸ்' காமாக்கித் தருகிறார்கள். நேர்த்தியாகச் செய்தால் நல்ல வழிதான், செலவும் குறைவு. ஆனால் லோபின் உச்சியில் உலோகத்தை ஏற்ற முடியாது. லிஃப்ட் கூட வேண்டுமானால் அடிவட்டத்தை (லோபின் மேடில்லாத வட்டப் பகுதியை) குறைக்க வேண்டும். லோப் 0.6 மி.மீ. கூடுதலாக எழ வேண்டுமென்றால் அடிவட்டத்தின் ஆரத்தில் குறைந்தது அவ்வளவு தேய்த்தாக வேண்டும். அப்போது லோபின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் கீழே இறங்கி உட்காரும், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் ஸ்க்ரூவை அதிகம் இறக்க வேண்டியிருக்கும், ராக்கரின் பேட் லோபில் உரசும் இடமும் நகரும். பேடின் விளிம்பில் உரசினால் ஆயுள் சில மாதம்தான். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சினில் அந்த டேப்பட் எட்டும் தூரத்தையே இது தாண்டிவிடக்கூடும். வார்ப்பிரும்பு காமின் மேல்பரப்பு மட்டும்தான் கடினமாக இருக்கும். ஆழமாகத் தேய்த்தால் உள்ளிருக்கும் மெது இரும்பு வெளியே வந்துவிடும். கிரைண்ட் செய்பவரிடம் கடினம் அளந்து தரச் சொல்லுங்கள். லிஃப்ட், டியூரேஷன், உச்சி எத்தனை டிகிரியில், டேப்பட் இடைவெளி எவ்வளவு என்று எழுதிய அட்டையையும் கேட்டு வாங்குங்கள். டியூரேஷன் எந்த லிஃப்டிலிருந்து அளந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். 1.27 மி.மீ. எழுந்த பிறகு அளந்த 210ம், வால்வு அசைந்த கணத்திலிருந்து அளந்த 250ம் ஒரே காமாக இருக்கலாம். அட்டை தராதவரிடம் காம் வாங்காதீர்கள்.

இனி மாட்டும் வேலை. அரை நாளில் முடியும் என்பது பழைய காமை எடுத்துவிட்டு அதே அளவுப் புதுக் காம் போடும்போது சரி. அளவு மாறினால் ஸ்பிரிங், பிஸ்டன் இடைவெளி, டைமிங் மூன்றையும் அளந்தே ஆக வேண்டும். இந்த மூன்றில்தான் எஞ்சின் பிழைப்பதும் சாவதும்.

ஸ்பிரிங்கை முதலில் பாருங்கள். ஹெட்டில் உட்கார்ந்த நிலையில் ஸ்பிரிங்கின் உயரம் 33 மி.மீ. என்று வைப்போம். வால்வு லிஃப்ட் 9.5 என்றால் முழுதாகத் திறந்தபோது 23.5 மிஞ்சும். சுருள்கள் ஒன்றையொன்று தொட்டு இறுகும் உயரம் 22 என்றால் 1.5 மி.மீ. பாக்கி, இது போதும். லிஃப்டை 10.5 ஆக்கினால் பாக்கி அரை மி.மீ.தான். மேல் சுற்றில் ஸ்பிரிங் துள்ளும்போது சுருள் இறுகி, லோபோ ராக்கரோ உடையும். ஒரு மி.மீ.க்குக் குறையவே கூடாது. அதேபோல் ஸ்பிரிங் தட்டின் அடிக்கும் வால்வு கைடு சீலின் தலைக்கும் நடுவே முழு லிஃப்டில் ஒன்றரை மி.மீ. இருக்க வேண்டும். இதைப் பார்க்கத் தவறினால் சீல் நசுங்கி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நீலப் புகை வரும். வால்வு லிஃப்டை லோபில் அளக்காதீர்கள். ராக்கர் விகிதத்தால் அது மாறும், ஸ்பிரிங் தட்டின் மேல் டயல் வைத்து அளப்பதே சரி. ஹெட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு, பிஸ்டனை மெல்ல மேலே ஏற்றினால் கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். கயிற்றின் நுனி வெளியே இருக்கட்டும்.

பிஸ்டன் இடைவெளிக்கு, ஹெட் கழன்றிருந்தால் பிளாஸ்டிசின் களிமண் எளிது. பிஸ்டனில் வால்வுக்கென்று வெட்டிய பள்ளத்தில் ஐந்தாறு மி.மீ. கனத்துக்கு ஒட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, டேப்பட் இடைவெளி வைத்து, கிராங்கை ஸ்பானரால் கையிலேயே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் நிறுத்துங்கள், செல்ஃப் மோட்டாரைத் தொடாதீர்கள். பிறகு ஹெட்டை எடுத்து, களிமண்ணைப் பிளேடால் வெட்டி அதன் மெல்லிய இடத்தை அளந்தால் இன்லெட் பக்கம் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், சுற்று ஏறும்போது பிஸ்டனுக்குப் பின்னால் தாமதமாகவும் மூடும், அதனால்தான் அதற்குக் கூடுதல். ஹெட் கழற்றாத வேலையென்றால், மேல் மட்டம் தாண்டிப் பத்து டிகிரியில் இன்லெட்டையும், மேல் மட்டத்துக்குப் பத்து டிகிரி முன்னால் எக்ஸாஸ்ட்டையும் மெல்லிய ஸ்பிரிங் போட்டுக் கையால் அழுத்தி, பிஸ்டன் முட்டும்வரை டயலில் படிக்கலாம். வால்வு பிஸ்டனுக்கு மிக அருகில் வருவது ஏறத்தாழ அந்த இடங்களில்தான். 'பெல்ட் அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு வளையாது' என்று சில எட்டு வால்வு எஞ்சின்களைப் பற்றிச் சொல்வார்கள். கம்பெனி லிஃப்டுக்குத்தான் அந்த உத்தரவாதம்.

டைமிங் விஷயத்தில்தான் தங்கள் பக்கத்துக் குறிப்பு எங்களை அதிகம் பதறவைத்தது. 'பிக்கப் போதவில்லை என்றால் பெல்ட்டை ஒரு பல் முன்னே போட்டுப் பாருங்கள்' என்று அதில் இருந்தது. காம் புல்லியில் 40 பல் என்றால் ஒரு பல் 9 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் காம் ஒரு சுற்று என்பதால், கிராங்கில் அது 18 டிகிரி. காமை முன்னே தள்ளி அடிச்சுற்றில் டார்க் கூட்டுவது உண்மையான வித்தைதான். ஆனால் அதன் அளவு கிராங்கில் இரண்டு முதல் நான்கு டிகிரி. அந்த அளவுக்கு நகர்த்தத் துளை நீளமாக வெட்டிய வெர்னியர் புல்லி வேண்டும். ஒரு பல் தாண்டினால் மேல் சுற்று செத்துவிடும், வால்வு பிஸ்டனைத் தொடவும் வாய்ப்புண்டு.

புள்ளியைப் புள்ளியோடு சேர்த்தால் டைமிங் சரி என்பது கம்பெனி காமுக்குப் போதும். கிரைண்ட் செய்த காமுக்கு டிகிரி வீல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கிராங்கில் டிகிரி தகட்டை மாட்டி, ஒரு கம்பியை முள்ளாக வளைத்து நிறுத்துங்கள். பிஸ்டன் மேல் மட்டத்தில் சில டிகிரி அசையாமல் நிற்பதால் கண்ணால் பார்த்து உச்சியைப் பிடிக்க முடியாது. பிளக் துளையில் ஒரு நிறுத்துக் கட்டையை முறுக்கி, கிராங்கை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி முட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபக்கம். ஒன்று 38, இன்னொன்று 34 என்று வந்தால் முள் 2 டிகிரி தள்ளியிருக்கிறது. இரண்டு பக்கமும் 36 வரும்படி முள்ளை வளைத்துவிட்டால் பூஜ்யம்தான் உண்மையான உச்சி. கட்டையைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டர் இன்லெட்டின் ஸ்பிரிங் தட்டில் டயல் வையுங்கள். உச்ச லிஃப்டுக்கு ஒரு மி.மீ. குறைவான இடத்தை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை படியுங்கள். 72ம் 148ம் வந்தால் கூட்டிப் பாதியாக்குங்கள், 110. அட்டையில் 108 என்று இருந்தால் காம் 2 டிகிரி பின்தங்கியிருக்கிறது, வெர்னியரில் அவ்வளவு முன்னே கொண்டுவர வேண்டும். கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே சுற்றிப் படியுங்கள். திருப்பிச் சுற்றினால் பெல்ட்டின் தளர்வு ஓரிரு டிகிரியை விழுங்கிவிடும். ஹெட்டை ஃபேஸிங் செய்திருந்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் நகரும். அரை மி.மீ. எடுத்தால் காம் கிராங்குக்கு அருகே வந்து, கிராங்க் கணக்கில் ஒரு டிகிரி அளவுக்குப் பின்தங்கும்.

ராக்கரைப் பற்றி ஒரே வார்த்தை: புது காமுக்குப் பழைய ராக்கர் வேண்டாம். பேடில் பழைய லோபின் தடம் பதிந்திருக்கும், அது புது லோபை அரம்போல் அராவும். புதிது கிடைக்காவிட்டால் பேடை அதே வளைவுக்குத் தேய்த்து மெருகேற்றித் தரும் இடத்தில் கொடுங்கள். இன்லெட், எக்ஸாஸ்ட் ராக்கர் ஷாஃப்டுகள் பல ஹெட்டுகளில் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றல்ல, இடம் மாறினால் ஆயில் துளை சேராது. காம் மூடியின் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10, 11 நியூட்டன் மீட்டர் போதும். நீளப் பிடி ஸ்பானரை எடுத்தால் அலுமினிய மரையோடு கையில் வந்துவிடும். டேப்பட் இடைவெளியை அட்டையில் உள்ளபடி வையுங்கள், பழைய மேனுவல் எண் கிரைண்ட் காமுக்குப் பொருந்தாது.

முதல் ஸ்டார்ட்டில் பாழாகும் காம்கள்தான் அதிகம். லோபும் பேடும் ஒன்றோடொன்று பழகும் முதல் இருபது நிமிடத்தில் ஐட்லிங்கில் விட்டால் போதுமான எண்ணெய் தெறிக்காது. லோப்களில் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, ஆயில் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் வந்த பிறகே பிளக் போட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், இக்னிஷன் டைமிங் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்கட்டும், ஸ்டார்ட் ஆனபின் தேடக் கூடாது. பிடித்ததும் 2,000 முதல் 2,500 சுற்றில் சற்று ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இந்த முதல் ஓட்டத்துக்குத் துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக உள்ள சி.ஐ.-4 தர 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் நல்லது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் அதையே தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

இத்தனையும் சரியாகச் செய்து முடித்து, வண்டியை மலைக்கு எடுத்துப் போகிறீர்கள். இரண்டாம் கியரில் 20 கி.மீ. வேகத்தில் வளைவில் திரும்பும் மாருதி 800 எஞ்சின் சுமார் 2,000 சுற்றில்தான் இருக்கும். 270 டிகிரி காம் பலவீனமாக இருப்பது அந்த இடத்தில்தான். முதல் கியருக்கு இறங்கி, கிளட்சை வழுக்கி ஏற்ற வேண்டியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் இப்படித்தான். இதற்குமேல் உயரத்தின் கணக்கு. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது, எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே இறங்கும்.

பிரேக் பூஸ்டரை மறந்துவிடுகிறார்கள். பெடலை இலகுவாக்கும் பூஸ்டர் வேலை செய்வது மேனிஃபோல்டு வேக்கத்தில் (உறிஞ்சும் வெற்றிடத்தில்). நல்ல நிலையில் உள்ள கம்பெனி காம் எஞ்சின் சேலத்தில் ஐட்லிங்கில் 17, 18 அங்குல பாதரசம் காட்டும். பெரிய ஓவர்லேப் காம் 12க்கு இறக்கிவிடும். ஏற்காட்டில் காற்றழுத்தமே சேலத்தைவிட நான்கு அங்குலம் குறைவு என்பதால் அங்கே மிஞ்சுவது எட்டோ ஒன்பதோ. கியரில் எஞ்சின் பிரேக்கோடு இறங்கும்போது த்ராட்டில் மூடி, சுற்றும் ஏறி இருப்பதால் வேக்கம் நன்றாகவே வரும், குறை தெரியாது. ஏரிக்கரை நெரிசலில் ஊர்ந்து இரண்டு மூன்று முறை பிரேக் அழுத்தும்போதும், பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கும்போதும் பெடல் கல்லாகிவிடும். நியூட்ரலில் இறங்குவது எந்தக் காமிலும் குற்றம், இந்தக் காமில் இரட்டைக் குற்றம். காம் மாற்றிய வண்டியில் வேக்கம் கேஜ் வைத்து, ஐட்லிங்கில் 15க்குக் கீழே வந்தால் அந்தக் காமை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் தொல்லை வேறு விதம். பல சிறு கார்களில் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஈ.சி.எம். (எஞ்சினின் கம்ப்யூட்டர்) நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. ஓவர்லேப் கூடி வேக்கம் குறைந்ததும், வண்டி சுமை இழுக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். அதோடு எரியாத காற்று எக்ஸாஸ்டுக்கு நழுவுவதை ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்று படித்து இன்னும் கூட்டும். சுற்று ஏறி இறங்கி ஆடும், பிளக் கறுக்கும், மைலேஜ் சரியும். ஈ.சி.எம். மேப்பைத் திருத்தாமல் இதற்குத் தீர்வு கிடையாது. கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருத்தி ஓரளவு சமாளிக்கலாம். ஆல்டோ கே10 போன்ற கே-சீரிஸ் எஞ்சின்களில் இரண்டு காம், டைமிங் செயின், டேப்பட் இடைவெளிக்குக் கனம் பார்த்து மாற்ற வேண்டிய பக்கெட்டுகள். வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல.

எங்களைக் கேட்டால், பிக்கப் இல்லை என்று வரும் பழைய வண்டிக்கு முதலில் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் பார்ப்பது. சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காமைப் பற்றிப் பேசவே வேண்டாம், வால்வோ ரிங்கோ கேட்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வு மூடியைக் கழற்றி லோபை அளங்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் லோப் அரை மி.மீ. தேய்ந்திருப்பது சாதாரணம். அதற்குப் புதிய கம்பெனி காமும் புது ராக்கரும் போட்டு, டிகிரி வீலில் உச்சி பார்த்து, மலையில் அதிகம் ஓடும் வண்டியென்றால் இரண்டு டிகிரி முன்னே வைத்தால், அந்த வண்டிக்கு அதுவே ஸ்போர்ட்ஸ் காம். இன்னும் வேண்டும் என்கிறவர்கள் டியூரேஷனில் 10 டிகிரிக்கு மேல் போகாமல் லிஃப்டை மட்டும் சற்றுக் கூட்டிக் கிரைண்ட் செய்யலாம், அடிச்சுற்று அதிகம் கெடாது. 270, 280 எல்லாம் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே போன்ற தடங்களில், 5,000க்குக் கீழே இறங்காத எஞ்சினுக்கு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். காம் வெளியே தெரியாது என்பார்கள். புகைச் சோதனையில் தெரியும். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்பது வரம்பு. ஓவர்லேப் கூடிய எஞ்சின் எரியாத பெட்ரோலை நேராக சைலன்சருக்கு அனுப்புவதால் ஹைட்ரோகார்பன்தான் முதலில் எகிறும்.

காம் மாற்றியவர்கள் முதல் 500 கி.மீ.யில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் போகாதீர்கள், அந்த லோப் தேய ஆரம்பித்துவிட்டது. ஆயில் ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் சேதம் பெரிதாவதற்குள் எஞ்சினை நிறுத்திப் பிரித்துவிடலாம். தங்கள் வாகனப் பக்கத்தில் இனி இதுபோன்ற குறிப்புகள் வரும்போது, எந்த எஞ்சின், எத்தனை வால்வு, எந்தச் சுற்றில் எவ்வளவு டார்க் என்பதையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எஞ்சின் வேலை செய்யும் பட்டறைக்காரர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.